எஞ்சினைப் பிரிக்கும் முன் காது கொடுப்போம்

மாணவர்களிடம் இருக்கும் மோட்டார்சைக்கிள்களில் பெரும்பாலானவை புதியவை அல்ல. அப்பா ஓட்டியது, அண்ணன் ஓட்டியது, மூன்றாம் கையாக வாங்கியது என்றே அவை நம்மிடம் வந்து சேர்கின்றன. நான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் ஓட்டியதும் அப்படிப்பட்ட ஒன்றுதான். கிள்ளான் துறைமுகத்திற்கு அப்பா பல ஆண்டுகள் வேலைக்குச் சென்ற ஹோண்டா இ.எக்ஸ்.5 அது. அதன் கிலோமீட்டர் முள் 99,999-ஐத் தாண்டி ஒருமுறை சுழியத்திற்குத் திரும்பியிருந்தது. வாரநாள்களில் நான் அதில் வகுப்புக்குச் செல்வேன்; வார இறுதியில் அப்பா அதை எடுத்துக்கொள்வார்.

இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கையில் எஞ்சினிலிருந்து ‘சலசல’ என்றொரு சத்தம் கிளம்பியது. கிள்ளானில் ஒரு பட்டறைக்குச் சென்றேன். அரை நிமிடம் கேட்டுவிட்டு, “கிராங்க் போச்சு, முழு எஞ்சினையும் பிரிக்கணும்” என்றார் பட்டறைக்காரர். அவர் சொன்ன தொகை, அந்தப் பருவத்திற்கு என் கல்விக் கடனில் எஞ்சியிருந்த பணத்திற்குச் சமம். கட்டினால் சாப்பாட்டுக்கு வழியில்லை. கட்டாவிட்டால் வகுப்புக்கு வழியில்லை.

பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த நண்பர் ஒருவர், தம் வீட்டருகே இருந்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் என்னை அழைத்துச் சென்றார். அவர் ஸ்பேனரைத் தொடவேயில்லை. “தம்பி, சத்தம் எப்போ வருதுன்னு முதல்ல சொல்லுங்க” என்றார். ‘எப்படி’ என்று கேட்காமல் ‘எப்போது’ என்று கேட்டதுதான் எனக்குப் புதுமை. அன்று அவர் கேட்ட நான்கு கேள்விகளை, பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றோடு சேர்த்து இங்கே தருகிறேன்.

முதற்கேள்வி: நின்ற இடத்திலும் வருகிறதா, ஓடும்போது மட்டும் வருகிறதா? வண்டியை நிறுத்தி, கியர் போடாமல் எஞ்சினை மட்டும் ஓடவிடும்போது சத்தம் இல்லையென்றால், பெரும்பாலும் சக்கரம், செயின், பற்சக்கரம் ஆகியவற்றைத்தான் ஐயப்பட வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைக் கையால் தள்ளிப் பார்த்தாலே இவற்றின் முனகல் பல நேரங்களில் கேட்டுவிடும்.

இரண்டாம் கேள்வி: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? தேய்ந்த பிஸ்டன் காலையில் சிலிண்டர்ச் சுவரில் மோதி ஒலிக்கும். சூட்டில் விரிந்ததும் அடங்கும். புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் கசிவு இருந்தாலும் காலையில் ‘டிக் டிக்’ என்று கேட்கும். இதை வால்வுச் சத்தம் என்று தவறாக எண்ணுவோர் பலர். அந்த இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

மூன்றாம் கேள்வி: சுமை ஏறும்போது கூடுகிறதா? மேட்டில் ஏறும்போதோ பின்னால் ஆள் அமர்ந்திருக்கும்போதோ அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று கனத்த ஒலி எழுந்தால், கிராங்கோடு சேர்ந்த தண்டின் தாங்கி தேய்ந்திருக்கலாம். அந்நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது. கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலிருந்து மோட்டார்சைக்கிளுக்குத் தனிப்பாதை உண்டு. அதன் குறுகிய சுரங்கவழி ஒன்றில் எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால், பின்னால் வருபவருக்கு விலக இடமிருக்காது. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளில் சென்றவர்களே என்பதை மறந்துவிடக் கூடாது.

நான்காம் கேள்வி: சத்தத்தின் தாளம் என்ன? நாற்படி எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு வால்வும் ஒருமுறை திறக்கும். நின்ற நிலையில் நிமிடத்திற்கு 1,400 சுற்று என்று வைத்துக்கொண்டால், கிராங்க் ஒரு நொடியில் ஏறத்தாழ 23 முறை சுற்றுகிறது. வால்வோ 12 முறைதான் திறக்கிறது. எனவே வால்வின் ‘டிக் டிக்’ புகைக்குழாயின் துடிப்போடு ஒத்துப்போகும். எண்ண முடியாவிட்டாலும் காதால் உணரலாம். டைமிங் செயின் தளர்ந்திருந்தால் தாளமே இருக்காது. டப்பாவில் ஆணிகளைக் குலுக்கியதுபோல் இருக்கும். முறுக்கைக் கூட்டினால் மறைந்து, விட்டதும் திரும்ப வரும்.

என் வண்டியின் சத்தம் இந்தக் கடைசி வகை. நீண்ட திருப்புளி ஒன்றின் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்கச் சொன்னார் அவர். அடிப்பகுதியில் சீரான ஓட்டம். செயின் ஓடும் இடப்பக்கத்தில் சலசலப்பு. திறந்த வெளியில், புகைக்குழாயில் கை படாமல், நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

அடுத்து எண்ணெய் அளவைப் பார்த்தார். அளவுக்குச்சியைத் துடைத்து, திருகாமல் உள்ளே வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். திருகிவிட்டால் அளவு தவறாகத் தெரியும். என் வண்டியின் குச்சியில் எண்ணெயே படவில்லை! நம்மவர்கள் ‘மினியாக் ஹித்தாம்’ என்று சொல்லும் அந்த எண்ணெய், இவ்வகை வண்டியில் ஒரு லிட்டருக்கும் குறைவாகவே இருக்கிறது. எஞ்சின், கியர், கிளட்ச் ஆகிய மூன்றுக்கும் அது ஒன்றுதான். செயினைத் தாங்கும் இழுவைப் பகுதிக்கும் அந்த எண்ணெய் வேண்டும். புது எண்ணெய் ஊற்றியதும் சத்தம் பாதியாகக் குறைந்தது. மறுநாள் டைமிங் செயினையும் அதன் உருளைகளையும் மாற்றினார். முதற்பட்டறை சொன்ன தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

வால்வு இடைவெளியையும் அவர் சரிபார்த்தார். இந்த எஞ்சினில் அது 0.05 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். எஞ்சின் நன்கு குளிர்ந்த பிறகே அளக்க வேண்டும். “டிக் டிக்னு கத்துற வால்வுக்குப் பயப்படாதீங்க தம்பி. இடைவெளியே இல்லாம ஊமையா இருக்கிற வால்வுதான் எரிஞ்சு போகும்” என்றார். சத்தத்தை அடக்குவதற்காக வால்வை இறுக்கி வைப்பது எவ்வளவு தவறு என்பது அன்று புரிந்தது.

முதற்பட்டறைக்காரரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். எண்ணெய் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை, தேய்ந்துபோன பிஸ்டன் வளையங்கள். பட்டம் பெற்று வேலைக்குச் சென்ற பின் அவற்றையும் மாற்றினேன். ஆனால் அது பொறுக்கக்கூடிய நோய். அன்று உடனடியாகக் கவனிக்க வேண்டியது வேறு. மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் நோயையும் அதன் காரணத்தையும் தீர்க்கும் வழியையும் வரிசையாக ஆராயச் சொல்கிறார். எஞ்சினுக்கும் அந்த வரிசைதான்: செலவில்லாத சோதனை முதலில், எஞ்சினைப் பிரிப்பது கடைசியில்.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அன்றிரவு வீட்டில், “இந்தச் சத்தம் எத்தனை நாளாப்பா இருக்கு?” என்று கேட்டேன். “சத்தமா? எனக்கு ஒண்ணும் கேட்கலையே தம்பி” என்றார் அப்பா. துறைமுக இயந்திரங்களின் இரைச்சலில் பல ஆண்டுகள் நின்ற காது அது. நெடுங்கால இரைச்சல் முதலில் பறிப்பது மெல்லிய, கூர்மையான ஒலிகளைக் கேட்கும் திறனை. செயினின் சலசலப்பும் அத்தகைய ஒலிதான். வண்டியை அவர் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று அதுவரை மனத்திற்குள் குறைபட்டிருந்தேன். அவருக்கு அது கேட்கவே இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே நண்பர்களே, விடுமுறையில் வீட்டிற்குச் செல்லும்போது, அப்பாவின் மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அருகில் நின்று கேளுங்கள். எண்ணெய் அளவையும் பாருங்கள். அவர் காதுக்கு எட்டாதது உங்கள் காதுக்கு எட்டலாம்.