அரைப்பேரும் முழுப்பேரும்

ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளமும்தான். குறித்த கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். வேறு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண்ணிடம் உறவுக்காரர்கள், "பேர் பதிஞ்சாச்சா?" என்று கேட்பார்கள். பத்து வருடம் கொழுந்தெடுத்துத் தேர்ந்த கையாக இருக்கலாம். புதிய தோட்டத்தின் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் ஏறும்வரை அங்கே அவள் மருமகள் மட்டும்தான்.

இன்று அந்தக் கேள்வி கடல் தாண்டியும் போகிறது. லயத்தில் பிறந்து, படித்து, ஆசிரியையாகவும் தாதியாகவும் ஆன பெண்களில் சிலர் கனடா, லண்டன், சுவிஸ் என்று மணமுடித்துப் போகிறார்கள். துணைவருக்கான விசா பொதுவாக வேலை செய்ய இடம் தருகிறது. ஆனால் விசா வேறு, தொழில் உரிமம் வேறு. இந்த வேறுபாடு விமானம் ஏறிய பிறகுதான் பலருக்கும் தெரியவருகிறது.

உரிமம் தருவது யார்?

கடையிலோ உணவகத்திலோ வேலை செய்யத் தொழில் உரிமம் தேவையில்லை. கற்பித்தலுக்கும் தாதியத்துக்கும் தேவை. கனடாவின் ஒன்ராறியோவில் அரச பாடசாலையில் கற்பிக்க 'ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரி'யில் பதிய வேண்டும். பெயரில்தான் கல்லூரி, உண்மையில் அது ஆசிரியர்களைப் பதிவு செய்யும் அமைப்பு. பொதுவாகப் பட்டம், ஆசிரியப் பயிற்சி இரண்டையும் அது கேட்கிறது. ஆகவே, பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியின் டிப்ளோமா மட்டும் கையில் இருந்தால் போதாது. பட்டப்படிப்பையும் முடிக்க வேண்டிவரும்.

பிரித்தானியாவில் தாதியருக்கு ஆங்கிலத் தேர்ச்சி, கணினிவழித் தேர்வு, செய்முறைத் தேர்வு என மூன்று படிகள். சுவிஸில் வெளிநாட்டுத் தாதியர் தகைமையை மதிப்பிடுவது சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கம். அங்கே ஆங்கிலம் போதாது. வாழும் பகுதியைப் பொறுத்து ஜெர்மன், பிரெஞ்சு அல்லது இத்தாலிய மொழி வேண்டும்.

"கனடிய அனுபவம் உண்டா?" என்ற கேள்வி நீண்ட காலம் குடிவந்தவர்களின் வழியை அடைத்து வந்தது. ஆசிரியர், பொறியியலாளர் உள்ளிட்ட பல தொழில்களின் பதிவுக்கு அந்த நிபந்தனையை வைக்கக்கூடாது என்று ஒன்ராறியோ 2021இல் சட்டம் இயற்றியது. அது இன்று போகிறவர்களுக்குக் கிடைத்திருக்கும் ஒரு நல்ல மாற்றம்.

புறப்படுமுன் முடிக்க வேண்டியவை

முதலில் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் இன்னோர் எழுத்து என்பது தோட்டப்புறத்தில் பழகிப்போன சிக்கல். சான்றிதழ்களும் கடவுச்சீட்டும் ஒரே பெயரைச் சொல்லாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அதைப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் விசாரித்துத் திருத்திக்கொள்வது இங்கிருக்கும்போது எளிது.

அடுத்தது பெறுபேற்று விபரம். கையிலுள்ள பிரதியைப் பல பதிவு அமைப்புகள் ஏற்பதில்லை. படித்த நிறுவனமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்கின்றன. ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் கெஞ்சுவதைவிட, ஹட்டனில் இருக்கும்போதே ஒருமுறை பத்தனைக்குப் போய் வழிமுறையைக் கேட்டு வைப்பது மேல்.

மூன்றாவது பணம். மதிப்பீடு, மொழித் தேர்வு, பதிவு ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. திருமணத்துக்காக வேலையை விடும் பெண் தன் ஊழியர் சேமலாப நிதியை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது இலங்கைச் சட்டம். கல்யாணம் என்றால் பெண்ணின் உழைப்பு முடிந்தது என்று எண்ணிய காலத்தின் ஏற்பாடு அது. தனியார் பாடசாலையிலோ மருத்துவமனையிலோ வேலை பார்த்தவருக்கு அதே பணம் உழைப்பைத் தொடர்வதற்கான முதலாகலாம். அது மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கரைந்துபோக விடக்கூடாது.

பெண் பார்க்க வரும் வீட்டில் நகை, சீர் பற்றிப் பேசுகிறோம். "எங்கள் பிள்ளை தன் தொழிலைத் தொடர நீங்கள் எத்தனை வருடம் துணை நிற்பீர்கள்?" என்று பெற்றோர் அதே பாயில் உட்கார்ந்து கேட்க வேண்டும். வகுப்பறையில் நின்ற பெண் காலமெல்லாம் கல்லாவில் நிற்க நேர்ந்தால், நாள் முழுக்க உழைத்தும் அவளுக்கு விழுவது அரைப்பேர்தான்.