தலைமுடி கொட்டுகிறதா? தண்ணீரைப் பழிக்காதீர்கள்!

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறை. காலை நேரம். காவிரியில் குளித்து எழுந்த பெண்கள், ஈரத் தலையைத் துவட்டி வாருகிறார்கள்.

திருச்சிக் கதம்பம் பேர் பெற்றது. அதைச் சூட அடர்ந்த பின்னல் வேண்டும் அல்லவா? சீப்போடு கொத்தாக முடி வந்தால், எந்தப் பெண்ணின் மனம்தான் பதறாது?

"தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்பார் பாட்டி. "எண்ணெயை மாற்று" என்பார் அத்தை.

வேறு காரணமும் இருக்கலாம்.

எது ஆபத்து?

நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். பயம் வேண்டாம்.

ஆனால், வகிடு வரவர அகலுகிறதா? மாதவிலக்கு மாதக் கணக்கில் தள்ளிப்போகிறதா? முகவாயில் ரோமம் முளைக்கிறதா? அப்படியானால் கோளாறு சினைப்பையில் இருக்கலாம்.

ஜனங்கள் இதை 'நீர்க்கட்டி' என்கிறார்கள். டாக்டர்கள் 'பி.சி.ஓ.எஸ்.' என்கிறார்கள். 1935-ல் அமெரிக்காவின் சிக்காகோ நகர டாக்டர்கள் ஸ்டீன், லெவன்தால் இருவரும் 7 பெண்களைப் பரிசோதித்து இதைப் பற்றி எழுதினார்கள்.

இன்று உலகில் பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களில், சுமார் 10 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பலருக்கு அது தெரியாது.

பெயர்தான் கட்டி. உண்மையில் அவை முழு வளர்ச்சி பெறாமல் நின்றுவிட்ட சிறு முட்டைப் பைகள்.

முடி ஏன் கொட்டுகிறது?

ஆண்களுக்கு மீசை முளைக்கச் செய்யும் ஹார்மோன், பெண்கள் உடம்பிலும் கொஞ்சம் உண்டு. இந்த நோயில் அது அதிகமாகிறது.

விந்தையைப் பாருங்கள்! முகத்தில் ரோமம் வளர்க்கும் அதே ஹார்மோன், உச்சந்தலையில் முடியின் வேரைச் சுருக்குகிறது. முடி மெலிந்து, குட்டையாகி, உதிர்கிறது.

எண்ணெய் மட்டும் தடவினால் இது தீராது.

என்ன செய்வது?

டாக்டரிடம் காட்டுங்கள். திருச்சி புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. ரத்தசோகையாலும் தைராய்டு கோளாறாலும் முடி கொட்டும். எது காரணம் என்பது ரத்தப் பரிசோதனையில் தெரியும்.

உடல் பருத்தவர்கள் கொஞ்சம் எடை குறைத்தாலும் நன்மை உண்டு. 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே மாதவிலக்கு சீராகத் தொடங்கலாம். ஸ்ரீரங்கத்துப் பெண்கள் உத்தர வீதியைச் சுற்றி, தினம் அரை மணி நேரம் வேகமாக நடக்கலாமே!

தலையில் தடவ 'மினாக்சிடில்' மருந்து உண்டு. ஹார்மோனை அடக்க மாத்திரைகளும் உண்டு. சில மருந்துகள் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. டாக்டர் சொல்லாமல் கடையில் வாங்காதீர்கள்.

பொறுமை வேண்டும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். பலன் தெரிய 6 மாதமாவது ஆகும். போன முடி எல்லாம் திரும்பாவிட்டாலும், இருக்கும் முடியைக் காப்பாற்றலாம்.

தாய்மார்களே!

பெண் பார்க்க வருகிறார்கள் என்று சவுரி வைத்து மறைப்பதோடு விட்டுவிடாதீர்கள். கவனிக்காமல் விட்டால் பின்னால் சர்க்கரை வியாதி வரக்கூடும். பல மாதம் மாதவிலக்கு வராமலே இருந்தால் கருப்பைக்கும் கெடுதல்.

"நீர்க்கட்டி இருந்தால் குழந்தை பிறக்காது" என்பதும் தவறு. சிகிச்சை பெற்றுத் தாயானவர்கள் ஏராளம்.

மகளின் வகிடு அகலுகிறதா? ஏசாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்துத் தலை வாரிவிடுங்கள். "மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா, அம்மா?" என்று மெதுவாகக் கேளுங்கள்.

அந்த ஒரு கேள்வி அவள் உடம்பைக் காப்பாற்றும்.