ஊசி குத்தினால் கத்தாத நோயாளி

நம்ம ஒர்க்‌ஷாப்பில் ஃபைலிங் பண்ணும்போது ஜாப் அளவு குறைந்துபோனால் என்ன செய்வோம்? இன்ஸ்ட்ரக்டரிடம் நாலு திட்டு வாங்கிக்கொண்டு இன்னொரு எம்.எஸ். பிளேட்டை எடுத்து மறுபடி ராவ ஆரம்பிப்போம். ஆனால் மருத்துவக் கல்லூரி மாணவனுக்கு 'ஜாப்' என்பது மனித உடம்பு. முதல் ஊசி, முதல் தையல், தொண்டைக்குள் விடும் முதல் குழாய் எல்லாம் யாராவது ஒருவர்மேல்தானே நடந்தாக வேண்டும்? அந்த ஒருவர் பெரும்பாலும் ஜி.எச்.சுக்கு வந்த ஏழையாகத்தான் இருப்பார். ஏ.சி. ரூமில் பணம் கட்டிப் படுத்தவர்மேல் அவ்வளவு சீக்கிரம் யாரும் பழகிப் பார்ப்பதில்லை!

இதற்கு ஒரு வழி கண்டவர், டாக்டர் அல்ல, பொம்மைக்காரர். நார்வே நாட்டின் ஆஸ்முண்ட் லேர்டால், மிருதுவான பிளாஸ்டிக்கில் பொம்மை வார்த்து விற்றவர். மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதிப் பழக ஆளுயரப் பொம்மை தேவைப்பட்டது. 1960-ல் 'ரெஸஸி ஆன்' வந்தாள். பாரிஸில் சேன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பேர் தெரியாத ஒரு பெண்ணின் முக அச்சுதான் அவளுக்கு முகம். இந்த வகைப் பொம்மைகளின் நெஞ்சுக்குள் ஸ்பிரிங் இருக்கும். போதுமான ஆழம் அழுத்தினால் 'க்ளிக்' என்று சத்தம் வரும். பெரியவர்களுக்கு 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.யைத் தாண்டாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும் என்பது இன்றைய கணக்கு. இதைப் படித்தால் மனப்பாடம் ஆகும், கைக்கு வராது.

அடுத்து கம்ப்யூட்டர் நுழைந்தது. 1967-ல் அமெரிக்காவின் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டென்சனும் ஆபிரகாம்சனும் 'சிம் ஒன்' என்ற பொம்மையை உருவாக்கினார்கள். மார்பு ஏறி இறங்கும், கண் சிமிட்டும், பாவை விரியும். 4 மருந்துகளையும் 2 வாயுக்களையும் அடையாளம் கண்டு, அதற்கேற்ப நடந்துகொள்ளும். செலவு தாங்காமல் ஒன்றோடு நின்றுபோனது வேறு கதை.

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்த நண்பர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். சென்சார் சேதி சொல்கிறது, கம்ப்யூட்டரில் உள்ள சமன்பாடுகள் கணக்குப் போடுகின்றன, மோட்டாரும் காற்றழுத்தமும் உடம்பை அசைக்கின்றன. குழாயைத் தப்பான வழியில் விட்டால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையும், நாடி மாறும். மாணவன் யோசித்துக்கொண்டு நின்றால் பொம்மை காத்திருக்காது!

உடம்பே இல்லாமல் திரையில் மட்டும் வருகிற நோயாளியும் உண்டு. "மூணு நாளா காய்ச்சல் டாக்டர்" என்று ஆரம்பிக்கும். அடுத்து என்ன கேட்பீர்கள், என்ன டெஸ்ட் எழுதுவீர்கள் என்று ஒவ்வொரு படியிலும் தேர்வு. படிக்கு 4 விடை, மொத்தம் 5 படி என்று வைத்தாலே 1024 பாதைகள் ஆகிவிடும். அத்தனைக்கும் யார் கதை எழுதுவது? அதனால் கிளைகளை இடையிடையே ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள், அல்லது கதையை விட்டுவிட்டு முன்சொன்ன சமன்பாட்டு வழிக்குப் போகிறார்கள்.

ஒரு குறை மட்டும் இருக்கத்தான் செய்கிறது. நெஞ்சு வலியை வலி என்று சொல்லாமல் "என்னமோ ஒரு மாதிரியா இருக்கு தம்பி" என்று இழுக்கிற பாட்டியை எந்தச் சமன்பாட்டில் அடக்குவது? அதே பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பாரோஸ் 1963-லேயே ஆட்களை நோயாளியாக நடிக்கப் பழக்கி, மாணவர்கள் முன் உட்கார வைத்தார். இன்றும் அந்த முறை நடக்கிறது. பேச்சுக்கு மனிதன், ஊசிக்குப் பொம்மை. எனக்கு இந்தப் பங்கீடு சரியாகவே படுகிறது.

நம் நாட்டில் 2019-ல் வந்த எம்.பி.பி.எஸ். புதிய பாடத்திட்டம் திறன் ஆய்வகப் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டது. பொம்மை வாங்குவது ஒரு நாள் வேலை. ரப்பர் தோல் கிழிந்தால், வால்வு கசிந்தால், சென்சார் தப்பு ரீடிங் காட்டினால்? ஸ்டெதாஸ்கோப்பை வைத்து அதைச் சரிபண்ண முடியாது. பக்கத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிற நண்பர்கள் அனுமதி வாங்கி ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். சட்டையைக் கழற்றினால் உள்ளே கிடப்பது பெரும்பாலும் நாம் லேபில் தொட்ட சாமான்கள்தான்.