உங்களுக்குத் தெரியுமா? எட்டுக்கால் சில்லில் மடிக்கணினியின் உயிர்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தொடங்கியது தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம். ஆவுடையார்கோவில் போன்ற ஊர்களில் பல வீடுகளுக்கு முதல் கணினி அப்படித்தான் வந்தது. இத்தனை வயதான கருவிகளுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகப் புதிய பயாஸ் வெளியிடுவதில்லை.

பயாஸ் என்பது விண்டோஸ், லினக்ஸ் எல்லாவற்றுக்கும் முன்னால் கண்விழிக்கும் நிரல். தாய்ப்பலகையில், பெரும்பாலும் எட்டுக் கால்களுள்ள சிறு சில்லில் குடியிருக்கிறது. ஹார்டு டிஸ்க்கையே மாற்றினாலும் அது அசையாது.

புதுப்பிக்கும் சில நிமிடங்கள்தாம் கண்டம். பழையது அழிந்து புதியது எழுதி முடிவதற்குள் கரண்ட் போனால் கணினி எழுந்திருக்காமலே போகலாம். அதனால்தான் பல மாடல்கள், சார்ஜர் செருகியிருந்தாலும் பேட்டரியில் போதிய சார்ஜ் இல்லையென்றால் புதுப்பிக்க மறுக்கின்றன. பேட்டரி செத்த பழைய கணினிக்கு இது பெரிய வம்பு!

1999 ஏப்ரல் 26 அன்று ‘செர்னோபில்’ வைரஸ் பல கணினிகளின் பயாஸ் சில்லிலும் குப்பையை எழுதி அவற்றை முடக்கியது.

படுத்த சில்லை எழுப்ப வழியுண்டு. சர்வீஸ் கடைக்காரர்கள் அதில் கிளிப் மாட்டி, சிஎச்341ஏ என்ற மலிவான யூஎஸ்பி கருவியால் நேரடியாக எழுதுவார்கள். 1.8 வோல்ட் சில்லுக்கு 3.3 வோல்ட் கொடுத்துவிட்டால் அது கெட்டுப்போகலாம். விண்டோஸ் 8 காலம் முதல் பல கணினிகளின் விண்டோஸ் உரிமச் சாவியும் அந்தச் சில்லில்தான் இருக்கிறது. வேறொரு கணினியின் பயாஸை அப்படியே ஏற்றினால் சாவியும் போய்விடும். விவரமானவர்கள் முதலில் பழையதைப் பிரதி எடுத்துக்கொள்கிறார்கள்.