மூலையில் நிற்கும் இரண்டாமவன்

தமிழ்ப் படச் சண்டைகளைப் பார்க்கும்போது நாம் எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருப்போம்: பத்து அடியாட்கள் சுற்றி நிற்கிறார்களே, ஏன் ஒவ்வொருவனாக வந்து உதை வாங்கிக்கொண்டு போகிறான்? மொத்தமாகப் பாய்ந்தால் கதாநாயகன் கதை அங்கேயே முடிந்துவிடாதா? கிண்டலாகக் கேட்பதுதான். ஆனால் அதற்குள் அசல் கணிதம் ஒன்று இருக்கிறது. அந்தக் கணிதத்தை வைத்தே பிழைக்கும் கலையும் ஒன்று உண்டு: ஒருவருக்கு எதிராக இருவர் இறங்கும் காட்சிக் குஸ்தி.

கேமரன் மலையில், ரிங்லெட் கடைவீதியில் ஒரு மழை மாலை. தோட்டத்துப் பையன் ஒருவன் கைப்பேசியில் அப்படியொரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். கூடவே அவன் தாத்தா.

“தாத்தா, ரெஃப்ரி அந்தப் பக்கம் திரும்பிட்டான் பாருங்க! இப்ப ரெண்டு பேரும் உள்ள வந்துருவானுங்க.”

“வரட்டும்டா. அடிக்கிறவன என்னத்தப் பாக்கிற? கயித்துக்கு வெளிய நிக்கிறான் பாரு, அவனப் பாரு” என்றார் பெரியவர், தேத்தண்ணியை ஆற்றியபடி.

பெரியவர் தலைமுறைக்குக் குஸ்தி புதிதல்ல. ஹங்கேரியப் பூர்வீகம் கொண்ட எமில் சாயா ‘கிங் காங்’ என்ற பெயரில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கூட்டத்தைக் கட்டிப்போட்ட காலம் அது. பஞ்சாபிலிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்க வந்த தாரா சிங், கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வீழ்த்தி மலேசியப் பட்டத்தை வென்றார். சென்னைவரை கிங் காங் என்றால் தெரியாத ஆளில்லை. மலைபோல ஒருவன் நடந்து வந்தால் ஊர்ப் பிள்ளைகள் இன்றும் அந்தப் பெயரைத்தான் வைக்கிறார்கள்.

பையன் பார்க்கும் இன்றைய வீடியோக்கள் வேறு மாதிரி. பெரிய நிறுவனங்களின் வாணவேடிக்கை இவற்றில் கிடையாது. வாடகை மண்டபம், நாலு பக்கமும் கயிறு கட்டிய மேடை, ஒன்றிரண்டு கேமரா. மலேசியாவில் 2014-இல் தொடங்கிய மலேசியா புரோ ரெஸ்லிங் இந்த வகைக் குழுதான். இவர்களிடமிருந்துதான் ‘ஃபீனிக்ஸ்’ என்ற பெயரில் நோர் டயானா வந்தார். முக்காடு அணிந்து மேடையேறிய இவர், ஐந்தடிக்குச் சற்றே கூடுதலான உயரம். 2019-இல் நான்கு ஆண்களை வென்று அந்தக் குழுவின் ரெஸ்ல்கான் பட்டத்தைக் கைப்பற்றியபோது உலகப் பத்திரிகைகள் எழுதின. சிறிய குழுக்களில் ஆட்களும் குறைவு. நான்கு பேரில் ஒருவர் வராமல் போனாலும், மீதி மூன்று பேரை வைத்து இரண்டுக்கு ஒன்று என்று ஓர் ஆட்டம் போட்டுவிடலாம்.

இனி கணக்குக்கு வருவோம். ஃபிரெடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், முதல் உலகப் போரின் நடுவே, 1916-இல் வெளிவந்த தன் நூலில் ஒரு விஷயத்தைச் சொன்னார். எல்லோரும் எல்லோரையும் ஒரே நேரத்தில் தாக்க முடிகிற சண்டையில், ஒரு படையின் வலிமை அதன் ஆள் எண்ணிக்கையைப் போல அல்ல, எண்ணிக்கையின் வர்க்கத்தைப் போல வளரும். இருவர் சேர்ந்து வந்தால் விழும் அடி இரட்டிப்பு. அவர்கள் இருவரும் சேர்ந்து தாங்கக்கூடிய அடியும் இரட்டிப்பு. இரண்டையும் பெருக்கினால் நான்கு. எதிரே நிற்கும் தனி ஆள் இரண்டு மடங்கு வல்லவனாக இருந்தால் போதாது. நான்கு மடங்கு வேண்டும். ஆனால் அந்த இருவரும் ஒவ்வொருவராகத்தான் வர முடியும் என்றால் கதை மாறிவிடுகிறது. அப்போது இரண்டு மடங்கு திறமையே சமன் செய்துவிடும்.

குஸ்தி மேடையின் சட்டத்தை இப்போது பாருங்கள். இரண்டுக்கு ஒன்று ஆட்டத்தில் வழக்கமாக இருவரில் ஒருவன்தான் உள்ளே. மற்றவன் மூலையில், கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். கூட்டாளி வந்து கையில் தட்டினால்தான் உள்ளே வரலாம். அந்தக் கயிறுதான் நான்கை இரண்டாக்குகிறது. நடுவர் முதுகைக் காட்டியதும் இரண்டாமவன் உள்ளே குதிக்கிறான். இரண்டு மறுபடி நான்காகிறது. கூட்டம் கூச்சல் போடுவது அந்த நொடியில்தான். கணக்கு மாறியதை யாரும் மனதுக்குள் பெருக்கிப் பார்ப்பதில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அபிமன்யு வதையைக் கேட்கும்போது நமக்குப் பொங்குவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். போர்க்களத்தில் சாவு புதிதா? ஒருவனோடு ஒருவன் என்ற நெறியை மீறிப் பல மகாரதர்கள் ஒரே நேரத்தில் சூழ்ந்துகொண்டார்கள் என்பதுதான் பொறுக்கவில்லை.

உடம்பின் கணக்கும் இதையே சொல்கிறது. இரண்டு கால்களையும் நன்றாக அகட்டி நின்று, தோளில் பக்கவாட்டாகத் தள்ளச் சொல்லிப் பாருங்கள். லேசில் அசைய மாட்டீர்கள். அதே நிலையில் யாராவது நெஞ்சில் கைவைத்துப் பின்னால் தள்ளினால் ஒரு சிறு விசையே போதும், தடுமாறுவீர்கள். கால்களை இணைக்கும் கோட்டின் திசையில் பலம், அதற்குக் குறுக்கே பலவீனம். ஒரே எதிராளி என்றால் அவன் நகர நகர நாமும் திரும்பி, பலமான பக்கத்தைக் காட்டிக்கொண்டே இருக்கலாம். இருவர் செங்கோணத்தில் நின்றுவிட்டால் எப்படித் திரும்பினாலும் யாராவது ஒருவன் முன்னால் நம் பலவீனம் இருக்கும். அதனால்தான் தேர்ந்த தனி ஆள் மேடையின் நடுவில் நிற்பதில்லை. நகர்ந்துகொண்டே இருந்து, இருவரும் ஒருவர் பின் ஒருவராக வரும்படி பார்த்துக்கொள்கிறான். ஒருவன் ஓங்கிய கைக்குக் குனிந்துவிட, அடி அவன் கூட்டாளியின் முகத்தில் விழுவது இந்த ஆட்டத்தின் பழைய வித்தை. இன்றும் அதற்குக் கைதட்டல் குறைவதில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் சிலம்பம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். சுழலும் கம்பு ஒரு வட்டம் போட்டுவிடும். அந்த வட்டத்துக்குள் ஒரே நேரத்தில் பலர் நுழைவது கடினம்.

இந்தக் கணக்கு நமக்கு எப்போது பிடிபடுகிறது? பேச்சு வருவதற்கு முன்பே. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆந்தியா பன் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 6 முதல் 12 மாதக் குழந்தைகளுக்கு அசைபடம் காட்டினார்கள். ஒரு பக்கம் பெரிய கூட்டம், மறு பக்கம் சிறிய கூட்டம். ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர் வந்து நடுவழியில் முட்டிக்கொள்கிறார்கள். சிறிய கூட்டத்து ஆளுக்கு வழி கிடைத்தபோது குழந்தைகள் அதிக நேரம் உற்றுப் பார்த்தன. எதிர்பாராததைத்தான் குழந்தை உற்றுப் பார்க்கும். ஆக, கூட்டம் பெரிதானால் ஜெயிக்கும் என்பது தவழும் வயதிலேயே தெரிகிறது. காட்டிலும் அப்படித்தான். செரெங்கெட்டியில் கேரன் மெக்கோம்ப் குழுவினர் ஒலிபெருக்கியில் கர்ஜனையை ஒலிக்கவிட்டார்கள். ஒரே சிங்கத்தின் குரல் கேட்டால் துணிந்து நெருங்கிய பெண் சிங்கங்கள், மூன்றின் குரல் கேட்டபோது தயங்கின.

ஆனால் சிங்கத்துக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம். ஜப்பானில் யசுஹிரோ கனகோகி குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் உருவம் இன்னொன்றைத் துரத்தி இடிக்கும் படத்தைப் பத்து மாதக் குழந்தைகளுக்குக் காட்டி, பிறகு இரண்டையும் முன்னால் வைத்தார்கள். குழந்தைகள் இடிபட்டதை நோக்கியே கை நீட்டின. பெரியவர்களிடமும் இது தொடர்கிறது. அமெரிக்காவில் ஜோசப் வண்டெல்லோவும் கூட்டாளிகளும் 2007-இல் காட்டியது: தோற்கும் வாய்ப்புள்ள அணியை நாம் ஆதரிப்பது மட்டுமல்ல, அந்த அணிதான் அதிகம் உழைக்கிறது என்றும் நம்புகிறோம். இருவர் ஜெயிப்பார்கள் என்று அறிவு சொல்கிறது, ஒருவன் ஜெயிக்கட்டும் என்று மனம் கேட்கிறது. இரண்டுக்கு ஒன்று ஆட்டம் நம்மைக் கட்டிப்போடுவது இந்த இழுபறியால்தான். வேறு வகை ஆட்டங்களில் யார் நல்லவன், யாருக்கு என்ன பகை என்று முன்கதை சொல்ல வேண்டும். இதில் ஆள் எண்ணிக்கையே முன்கதை. மொழி தெரியாத நாட்டு வீடியோவைக் கூட ரிங்லெட்டில் உட்கார்ந்து ரசிக்க முடிவது அதனால்தான்.

இன்னொரு ரகமும் உண்டு. தனி ஆள் ராட்சசனாக இருந்தால்? குஸ்தி வீரர் ஆந்த்ரே தி ஜயன்ட்டை இரண்டு மூன்று பேருக்கு எதிராக இறக்கிவிடுவது அந்தக் காலத்தில் வழக்கம். அங்கே பரிதாபத்துக்கு இடமில்லை. இவனுக்கு எத்தனை பேர் சமம் என்று அளந்து பார்க்கும் குறுகுறுப்புதான். எனக்கு அது ஒரு தடவை பார்த்தால் போதும் என்றிருக்கும்.

எல்லாம் சொல்லிவிட்டு முக்கியமானதை மறைக்கக் கூடாது: மேடையில் நடப்பது இருவருக்கு எதிராக ஒருவன் அல்ல, மூவரும் சேர்ந்து செய்யும் வேலை. யார் ஜெயிப்பது என்பது முன்பே பேசிவைத்தது. கேமரன் தோட்டங்களில், சரிவு அனுமதிக்கும் இடங்களில், இருவர் பிடிக்கும் கொழுந்து வெட்டும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். செடி வரிசையின் இரு பக்கமும் ஆளுக்கொரு கைப்பிடி, பின்னால் இழுபடும் பை. ஒருவர் அரை அடி முந்தினாலும் வெட்டு கோணலாகிவிடும். இருவர் சேர்ந்து ஒருவனைத் தலைக்கு மேல் தூக்கும் வித்தையும் அப்படித்தான். அதில் தூக்கப்படுகிறவனும் பங்காளி. சரியான நொடியில் அவன் எம்பிக் குதிக்காவிட்டால் எந்தப் பலசாலியாலும் அழகாகத் தூக்க முடியாது. இறக்கும்போது நான்கு கைகள் அவன் வேகத்தைக் குறைக்கின்றன. அவன் தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழுகிறான். ‘படார்’ என்ற சத்தம் பெரும்பாலும் கான்வாஸுக்குக் கீழே இருக்கும் பலகையின் சத்தம்.

அந்தப் பலகைதான் உயிரைக் காப்பது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகம் ஐந்து சென்டிமீட்டரில் அடங்கினால் உடம்பு தாங்கும் விசை அதன் எடையைப் போலச் சராசரியாக 30 மடங்கு. ஒரே சென்டிமீட்டரில் அடங்கினால் 150 மடங்கு. மேடையின் பலகையும் நுரைமெத்தையும் அமுங்கிக் கொடுக்கின்றன. வீட்டு சிமெண்ட் தரை கொடுக்காது. இந்த வீடியோக்களில் வருகிறவர்கள் வித்தை காட்டுவதற்கு முன் விழுவதைத்தான் மாதக்கணக்கில் பழகுகிறார்கள். பிள்ளைகள் பார்க்கட்டும், நாமும் கூட உட்கார்ந்து பார்ப்போம். ஆனால் அண்ணனும் பக்கத்து வீட்டுப் பையனும் சேர்ந்து தம்பியைத் தூக்கக் கிளம்பினால் அங்கேயே தடுத்து நிறுத்திவிடுங்கள்.