கணக்கில் விழுந்த பூச்சி

இங்கிலாந்து நாட்டில் சவுத் வார்ன்பரோ என்று ஒரு சிறிய கிராமம். அங்கே ஒரு பெண் கடை வைத்திருந்தார். கடைக்குள்ளேயே ஊர்த் தபால் நிலையமும் இருந்தது. தபால் தலை விற்பது, முதியோருக்குப் பென்ஷன் கொடுப்பது, வரவு செலவைக் கம்ப்யூட்டரில் பதிவது எல்லாம் அவர் வேலை.

2003-ஆம் ஆண்டு ஒரு நாள் அவர் கணக்கு முடித்தார். 2,000 பவுண்டு குறைகிறது என்று கம்ப்யூட்டர் காட்டியது. பவுண்டு என்பது அந்த நாட்டுப் பணம். அவர் பயந்து போனார். உதவிக்கு என்று கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தார். அவர்கள் சொல்லச் சொல்ல, அப்படியே செய்தார். என்ன ஆயிற்று? அவர் கண் முன்னாலேயே 2,000 என்பது 4,000 ஆகிவிட்டது!

வேறு யாருக்கும் இப்படி வரவில்லை என்று அவரிடம் சொன்னார்கள். அவரும் நம்பினார். தன்மேல்தான் தவறு என்று நினைத்தார்.

தபால் துறையோடு அவர் போட்ட ஒப்பந்தம் கடுமையானது. பணம் குறைந்தால் நிலையத்தை நடத்துபவரே கட்ட வேண்டும். வீட்டை அடமானம் வைத்துக் கட்டினார். மறுபடியும் குறைந்தது. கடைசியில் அவர்மேல் வழக்கு வந்தது. ஜெயிலுக்குப் போய்விடுவோமோ என்ற பயத்தில், பொய்க் கணக்கு எழுதியதாக ஒப்புக்கொண்டார். எடுக்காத பணத்துக்குக் குற்றவாளி ஆனார்.

ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அவரை நம்பினார்கள். கையில் இருந்ததைப் போட்டுப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். 2008-இல் தீர்ப்பு நாளன்று கூட்டமாகக் கோர்ட்டுக்கே வந்து உட்கார்ந்தார்கள். அவர் ஜெயிலுக்குப் போகாமல் தப்பினார்.

எல்லா ஊரிலும் இப்படி நடக்கவில்லை. வெஸ்ட் பைஃபிளீட் என்ற ஊரில் தபால் நிலையம் நடத்தியவர் இந்திய வம்சாவளிப் பெண். 74,000 பவுண்டு திருடியதாக அவர்மேல் வழக்கு. 2010-இல் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். அன்று அவருடைய மகனுக்குப் பத்தாவது பிறந்த நாள். அப்போது அவர் வயிற்றில் இன்னொரு குழந்தை. வெளியே இருந்த கணவரை அந்த ஊரைச் சேர்ந்த சிலர் அடித்தார்கள். திருடியின் புருஷன் என்றுதான் அவர்களுக்குத் தோன்றியது.

1999 முதல் 2015 வரை இப்படி 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். 200-க்கும் மேற்பட்டவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். இத்தனை பேரும் திடீரென்று திருடர்கள் ஆகிவிட்டார்களா?

திருடியது யாரும் இல்லை. தவறு கம்ப்யூட்டரில் இருந்தது.

கம்ப்யூட்டருக்குச் சொந்த அறிவு கிடையாது. இதைச் செய், பிறகு அதைச் செய் என்று மனிதர்கள் எழுதி வைத்த கட்டளைகளின்படி அது வேலை செய்கிறது. இந்தக் கட்டளைத் தொகுப்புக்கு மென்பொருள் என்று பெயர். எழுதுவது மனிதர்கள்தானே, பிழையும் வரும். அந்தப் பிழையை ஆங்கிலத்தில் ‘பக்’ என்பார்கள். பக் என்றால் பூச்சி. அரிசியில் பூச்சி விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். கணக்கில் விழுந்த பூச்சி தெரியாது.

தபால் நிலையங்களுக்கு வந்த மென்பொருளின் பெயர் ஹொரைசன். அதைக் கொடுத்தது புஜிட்சு என்ற பெரிய ஜப்பானியக் கம்பெனி. அதில் இருந்த ஒரு பூச்சியை மட்டும் பார்ப்போம். 2015-இல் ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்ற ஊரில் ஒருவர் 8,000 பவுண்டைப் பதிவு செய்தார். திரை அப்படியே நின்றுவிட்டது. பதியவில்லை போலிருக்கிறது என்று மறுபடி மறுபடி அழுத்தினார். மொத்தம் நான்கு முறை. உள்ளே நான்கு முறையும் பதிவாகிவிட்டது. 8,000 இருக்க வேண்டிய இடத்தில் 32,000! கையில் இல்லாத 24,000 பவுண்டுக்கு அவர் எங்கே போவார்?

இன்னொரு விஷயமும் உண்டு. புஜிட்சு ஊழியர்கள் தங்கள் அலுவலகத்தில் இருந்தபடியே ஒரு தபால் நிலையத்தின் கணக்கைத் திருத்த முடியும். அப்படி முடியவே முடியாது என்று தபால் துறை பல ஆண்டுகள் சாதித்தது.

கோர்ட்டில் இதை ஏன் கண்டுபிடிக்கவில்லை? கம்ப்யூட்டர் சரியாகத்தான் வேலை செய்கிறது என்று கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். அந்த நாட்டுச் சட்டம் அப்படி. தவறு என்று சந்தேகம் எழுப்ப வேண்டியது எதிராளியின் பொறுப்பு. கிராமத்தில் கடை வைத்திருப்பவர் கம்பெனியின் மென்பொருளைத் திறந்து பார்க்க முடியுமா?

ஆலன் பேட்ஸ் என்பவர் வேல்ஸ் பகுதியில் தபால் நிலையம் நடத்தியவர். கணக்கில் குறைந்த பணத்தைக் கட்ட மாட்டேன் என்று மறுத்தார். 2003-இல் அவருடைய வேலை போனது. ஆனால் அவர் விடவில்லை. தன்னைப் போல வேறு யாராவது உண்டா என்று தேடினார். 2009-இல் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை ஏழு பேருடைய கதையை வெளியிட்டது. அதே ஆண்டு ஃபென்னி காம்ப்டன் என்ற கிராமத்து மண்டபத்தில் பாதிக்கப்பட்டவர்கள் கூடினார்கள். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள்! சங்கம் பிறந்தது.

பிறகு 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2019-இல் ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னார். பிழையே இல்லை என்று தபால் துறை சாதித்தது, உலகம் தட்டை என்று சாதிப்பதற்குச் சமம் என்றார். சமரசமாகக் கிடைத்த பணத்தில் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போயிற்று. 2021-இல் 39 பேரைக் குற்றமற்றவர்கள் என்று மேல்கோர்ட் விடுவித்தது. மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

இதெல்லாம் செய்தித்தாளில் வந்ததுதான். ஆனாலும் நாடு பெரிதாக அசையவில்லை. 2024 ஜனவரி முதல் வாரத்தில் தொலைக்காட்சியில் இந்தக் கதை நான்கு நாள் நாடகமாக வந்தது. அப்போதுதான் மக்கள் கொதித்துப் போனார்கள். நாம் சாமான் வாங்கிய கடைக்காரரும் இப்படித்தானா என்று பலர் பதறினார்கள். தபால் துறையின் பழைய தலைவிக்கு அரசு கொடுத்த பட்டத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். அவரே பட்டத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லிவிட்டார். அடுத்த நாள் பிரதமர் புதுச் சட்டம் வரும் என்று அறிவித்தார். இருபது ஆண்டு நடக்காதது பத்து நாளில் நடந்தது.

அதே மாதம் புஜிட்சுவின் ஐரோப்பியத் தலைவர் பாராளுமன்றக் குழுவின் முன் வந்தார். மன்னிப்புக் கேட்டார். பிழைகள் இருந்ததையும், வழக்குகளுக்குக் கம்பெனி உதவியதையும் ஒப்புக்கொண்டார். இழப்பீட்டில் பங்கு தருவது தங்கள் கடமை என்றார். மே மாதம் சட்டம் வந்தது. நூற்றுக்கணக்கானவர்கள்மேல் இருந்த குற்றம் ஒரே நாளில் நீங்கியது.

இந்தத் துன்பத்தால் குறைந்தது 13 பேர் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்று 2025 ஜூலையில் விசாரணை அறிக்கை சொன்னது. பணம் கைக்கு வருமுன் வயதாகி இறந்தவர்களும் உண்டு.

கம்ப்யூட்டர் சரியாகத்தான் வேலை செய்கிறது என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும் அந்த விதி? அதை மாற்றலாமா என்று 2025 ஜனவரியில் அந்த நாட்டு அரசு எல்லோரிடமும் கருத்துக் கேட்டது.