மாவுக்கட்டா? முதல் இரண்டு ராத்திரி விரல்களைப் பாருங்கள்!

மாடிப்படியில் வழுக்கி விழலாம். எலெக்ட்ரிக் டிரெயினிலிருந்து அவசரமாக இறங்கும்போது தடுக்கி விழலாம். ஊரப்பாக்கம் மாதிரி ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஊரில், டூவீலரில் போய்வருவதே தினசரி சர்க்கஸ்தான். எலும்பு முறிந்தது, எக்ஸ்ரே எடுத்தாச்சு, டாக்டரும் மாவுக்கட்டு போட்டு அனுப்பிவிட்டார். "அப்பாடா, முடிஞ்சுது!" என்று பெருமூச்சு விடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். மீதி வேலை உங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

கட்டு காயட்டும்

மாவுக்கட்டின் மாவு, ஜிப்சம் என்ற தாதுவைச் சூடாக்கிப் பொடித்தது. நம் அரியலூர், பெரம்பலூர் பக்கம்கூட இந்த ஜிப்சம் கிடைக்கிறது. இந்தப் பொடியைத் துணியில் தடவி, நனைத்துச் சுற்றும் முறையை 1850-களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்தியவர் மத்தைசன் என்ற டச்சு ராணுவ டாக்டர். தண்ணீர் பட்டதும் மாவு இறுகும். அப்போது சூடும் பிறக்கும். "கை கதகதன்னு இருக்கே" என்று பயப்படாதீர்கள், சிறிது நேரத்தில் அடங்கிவிடும்.

தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே முழுதாகக் காய இரண்டு, மூன்று நாள் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் தாமதமாகலாம். அதுவரை கட்டைப் போர்வையால் மூட வேண்டாம். ஃபேன் காற்று போதும், அடுப்புச் சூடு கூடாது. தூக்கும்போது விரல் நுனியால் அழுத்திப் பிடிக்காமல் உள்ளங்கையில் தாங்குங்கள். விரல் பதிந்த பள்ளம் உள்ளே தோலை அழுத்திப் புண்ணாக்கிவிடும்.

வீக்கம்தான் வில்லன்

அடிபட்ட இடம் முதல் இரண்டு, மூன்று நாள் வீங்கும். வெறும் கையாக இருந்தால் வீக்கம் வெளியே தள்ளும். சுற்றிலும் கட்டு இருந்தால் எங்கே போகும்? உள்ளேயே அழுத்தி, தசைக்கும் நரம்புக்கும் போகும் ரத்தத்தைத் தடுக்கும். சில மணி நேரம் இப்படியே விட்டால் தசை செத்துவிடும். அப்புறம் எலும்பு கூடினாலும் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடலாம். 1881-லேயே வோல்க்மான் என்ற ஜெர்மன் சர்ஜன் இதை விவரித்து எழுதினார். முழங்கைக்குப் பக்கத்தில் எலும்பு உடைந்த குழந்தைகளிடம் கூடுதல் கவனம் தேவை.

அதனால் கட்டுப் போட்ட கையையோ காலையோ தலையணைமேல், நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்தி வையுங்கள். டாக்டர் தடுக்காதவரை விரல்களை அடிக்கடி ஆட்டச் சொல்லுங்கள். மோதிரம், வளையலை உடனே கழற்றுங்கள். காலில் கட்டென்றால் மெட்டியையும்தான். "சுமங்கலி கழற்றலாமா?" என்று மாமியார் தயங்கினால், வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்கணும் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

பல்லைக் கடிக்க வேண்டாம்

"எலும்பு கூடுதுன்னா வலிக்கத்தான் செய்யும், பல்லைக் கடிச்சுக்கோ" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இங்கேதான் ஆபத்து. சாதாரண வலி மாத்திரைக்கும் உயர்த்தி வைப்பதற்கும் கட்டுப்படும், நாளுக்கு நாள் குறையும். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்:

* மாத்திரை போட்டும் ஏறிக்கொண்டே போகும் வலி
* விரலை மெல்ல நீட்டிவிட்டாலே அலறும் அளவு வலி
* விரல்கள் வெளுத்தோ நீலம் பாரித்தோ சில்லிட்டுப் போதல்
* மரத்துப்போதல், குறுகுறுப்பு, விரலை அசைக்க முடியாமை

இன்னொரு சின்ன சோதனை. நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் ரோஸ் நிறம் திரும்பணும். சந்தேகமென்றால் மறு கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் நிறம் திரும்பிவிட்டது என்பதற்காக, ஏறுகிற வலியை அலட்சியம் செய்யாதீர்கள். குழந்தை விடாமல் அழுதால் "செல்லம் கொஞ்சுது" என்று ஒதுக்காதீர்கள்.

ராத்திரியானால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஊரப்பாக்கத்துக்காரர்கள் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அங்கே கட்டைப் பிளந்து தளர்த்துவார்கள், தேவைப்பட்டால் ஆபரேஷனும் செய்வார்கள். வீட்டில் கத்தி, கத்திரிக்கோல் எடுக்காதீர்கள்.

அரிப்பும் குளியலும்

"டாக்டர், அரிக்குது. ஸ்கேலை விட்டுச் சொறியலாமா?" கூடாது! கீறல் விழுந்து உள்ளே சீழ் பிடிக்கும். எண்ணெய், பவுடரும் வேண்டாம். மேலே லேசாகத் தட்டுங்கள், ஃபேனடியில் உட்காருங்கள். குளிக்கும்போது பாலிதீன் பையால் மூடிக் கட்டி, கட்டை வாளிக்கு வெளியே நீட்டிக்கொள்ளுங்கள். ஃபைபர் கட்டானாலும் உள்ளே இருக்கும் பஞ்சு நனையும். கெட்ட வாடை, கசிவு, காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். காலில் கட்டுள்ளவருக்குத் திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அதுவும் அவசரம்தான்.

எப்போது பிரிப்பார்கள்?

பெரியவர்களுக்கு மணிக்கட்டு என்றால் சுமார் ஆறு வாரம். முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு என்றால் மூன்று மாதம், அதற்கு மேலும் ஆகலாம். குழந்தைகளுக்குச் சீக்கிரம் கூடும். வலி போய்விட்டதே என்று நடுவில் பிரித்தால் எலும்பு கோணலாகக் கூடலாம். பால், முட்டை, கேழ்வரகு, கீரை எல்லாம் சாப்பிடலாம். பத்தியம் வேண்டாம். சிகரெட் மட்டும் கூடவே கூடாது, எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.

பிரிக்கும் மெஷின் சத்தம் போடும். ஆனால் அதன் பிளேடு சுற்றாது, அதிரத்தான் செய்யும். குழந்தையிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கை மெலிந்து, தோல் உரிந்து தெரியும். டாக்டர் சொல்லும் பயிற்சிகளை விடாமல் செய்தால் பலம் திரும்பும்.

கட்டுப் போட்டு இன்றுதான் வீடு திரும்பினீர்களா? படுக்கப்போகும் முன் ஒருமுறை, நடுராத்திரி எழுந்து ஒருமுறை விரல்களைத் தொட்டுப் பாருங்கள்.